மூன்றாம் அத்தியாயத்தில் நாய் வரும்

‘காலை ஐந்தரை மணி, நான்கு கால்கள், பெயர் வைரம்.’

என் முதல் நாவலில் மூன்றாம் அத்தியாயத்தின் முதல் வரி இதுதான். முப்பது வருடம் ஆரணியில் தினசரிப் பத்திரிகைக்கு நிருபராக இருந்துவிட்டு சிறுவர் நாவல் எழுத உட்கார்ந்தவனுக்கு வேறு மாதிரி வரவில்லை. எத்தனை மணி, எத்தனை பேர், யார் என்று முதல் வரியிலேயே சொல்லாவிட்டால் டெஸ்க்கிலிருந்து போன் வரும் என்ற பயம் இன்னும் போகவில்லை. எழுதிப் பிழைக்கும் நண்பர்களே, குழந்தைகளுக்கு எழுதுவது சுலபமான தொழில் என்று நினைத்து இறங்கிவிடாதீர்கள். செய்தியில் தப்பு வந்தால் மறுநாள் ஒரு மூலையில் திருத்தம் போட்டுவிட்டுப் போய்விடலாம். பத்து வயது வாசகர் நேராகக் கேட்டுவிடுவார்.

கதை இது. கதிர் என்று ஒரு பையன். பத்து வயதில் அவனுக்குப் பார்வை போகிறது. வைரம் என்ற வழிகாட்டி நாய் வருகிறது. அப்புறம் எல்லாம் சரியாகிவிடுகிறது. இந்தக் கதையை எடுத்ததற்குக் காரணம், எனக்கும் பார்வை போய்விட்டது. கண் அழுத்த நோய். முதலில் ஓரங்கள் போயின, பிறகு நடுவும் போயிற்று. இப்போது வெளிச்சம் எது, இருட்டு எது என்று தெரியும், அவ்வளவுதான். போனிடம் பேசினால் அது எழுதிக்கொள்கிறது. பிறகு ஒரு பெண் குரலில், நான் எழுதியதில் தனக்குச் சம்பந்தமே இல்லை என்பது போலப் படித்துக் காட்டுகிறது. கண் ஆஸ்பத்திரியில் ஒரு மடக்கு வெள்ளைக் கோலைக் கொடுத்து, அங்கிருந்த பயிற்சிக் கோலைப் பிடித்து நடக்கவும் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்குக் கொடுத்தது உறை பிரிக்காமல் கதவுக்குப் பின்னால் குடையோடு தொங்கியது. வெளியே போக எனக்கு என் மனைவி சரோஜாவின் தோள் இருந்தது.

அந்தத் தோளுக்குத்தான் சிக்கல் வந்தது. சரோஜா ஆரணியில் தொடக்கப்பள்ளி ஆசிரியை. போன வருடக் கடைசியில் அவளுக்குத் தலைமையாசிரியர் பதவி உயர்வு வந்தது. பள்ளிக்கூடம் வெம்பாக்கம் பக்கம். காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து செய்யாறு வழியாகப் போனால், வீடு திரும்ப இருட்டிவிடும். ஏற்றுக்கொள்வதா, வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பதா என்று ஏப்ரல் முடிவதற்குள் அவள் சொல்லியாக வேண்டும். எழுதிக் கொடுத்துவிடலாம் என்று இருப்பதாகச் சொன்னாள். காரணம் சொல்லவில்லை. அந்த வேலைக்காக அவள் எத்தனை வருடம் காத்திருந்தாள் என்று எனக்குத் தெரியும். நான் நாவலின் நான்காம் அத்தியாயத்துக்குப் போனேன்.

முதல் விமர்சனம்

முதல் மூன்று அத்தியாயங்களையும் சரோஜா தன் ஐந்தாம் வகுப்பில் படித்துக் காட்டினாள். கண்ணாடி போட்ட விமர்சகர்களைவிட இவர்கள் மேல் என்று நானேதான் கொடுத்தனுப்பினேன். அன்று சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் வகுப்பு என்ன சொன்னது என்று கேட்டேன். நாய் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது என்றாள். நாய்க்கு வைரம் என்று பெயர் வைத்ததும் பிடித்திருக்கிறதாம். முகம் மலர்ந்தேன். எப்படி மலர்ந்தது என்று நான் பார்க்கவில்லை, ஆனால் அவள் சிரித்தாள்.

பிறகு யாமினி என்ற பெண் கை தூக்கியதைச் சொன்னாள். முதல் அத்தியாயத்தில் கதிருக்குப் பார்வை போகிறது, இரண்டாவதில் அழுகிறான், மூன்றாவதில் ஆறு மாதம் கழித்து நாய் வருகிறது. அந்த ஆறு மாதத்தை நான் ஒரே வரியில் கடந்திருந்தேன். யாமினி கேட்டது இது: "மிஸ், நாய் வர்ற வரைக்கும் அவன் பாத்ரூமுக்கு எப்பிடி போனான்?"

தகவல் சேகரிப்பு

நான் வழிகாட்டி நாயைப் பார்த்ததே இல்லை. பார்வை இருந்தபோதும் பார்த்ததில்லை. ஆனால் விசாரிக்காமல் எழுதக்கூடாது என்று வளர்க்கப்பட்டவன். எங்கோ தொலைவில், பார்வையற்றவர்களுக்கு நடைப் பயிற்சி கொடுக்கும் ஓர் இடத்தின் எண்ணைப் பிடித்துப் பேசினேன். ஒரு பெண்மணி எடுத்தார். இந்தப் பக்கம் அப்படிப்பட்ட நாய் கிடைப்பது மிகவும் கஷ்டம் என்றார். பரவாயில்லை, எனக்கு வேண்டியது அது எப்படி வழி கண்டுபிடிக்கிறது என்ற விவரம்தான் என்றேன்.

அவர் பொறுமையாக விளக்கினார். எங்கே போக வேண்டும், எங்கே திரும்ப வேண்டும் என்பதெல்லாம் மனிதருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பள்ளம் வந்தால் நாய் நிற்கும், குறுக்கே வண்டி வந்தால் நிற்கும். அதனால் முதலில் கோலோடு தனியாக நடக்கத் தெரிந்தவருக்குத்தான் நாயைக் கொடுப்பார்கள். நான் குறித்துக்கொள்வது போல ‘ம்’ கொட்டினேன். அப்புறம் அவர் நான் எப்படி வெளியே போகிறேன் என்று கேட்டார். இதெல்லாம் நாவலுக்காகத்தான் கேட்கிறேன் என்று அவசரமாகச் சொன்னேன். பேட்டி எடுக்கிறவன் பேட்டி கொடுக்கும் நிலைக்கு வந்துவிட்டால் உடனே போனை வைத்துவிட வேண்டும் என்பது தொழில் பாடம். வைப்பதற்குள் அவர் சொல்லிவிட்டார்: "நாவலுக்குன்னே வச்சிக்கங்க சார். உங்க கதிருக்கு வழி தெரியலன்னா, ரெண்டு பேரா சேர்ந்து தொலைஞ்சி போவாங்க."

கள ஆய்வு

அந்த அம்மாள் சொன்னதை நான் நம்பவில்லை. எங்கள் தெருவில் ஒரு நாய் உண்டு. என் காலடியில்தான் படுத்திருக்கும். அதற்கு எடிட்டர் என்று பெயர் வைத்திருந்தேன். நான் என்ன சொன்னாலும் கடைசிவரை கேட்டுவிட்டு, ஒன்றும் செய்யாமல் போய்விடும். சரோஜா பள்ளிக்குப் போன ஒரு காலையில் பழைய பெல்ட்டையும் கொடிக் கயிற்றையும் இணைத்து அதன் கழுத்தில் மாட்டினேன். ‘டீக்கடை’ என்று தெளிவாகச் சொன்னேன். எடிட்டர் கிளம்பியது.

முதலில் பெருமையாக இருந்தது. நல்ல வேகம், தயக்கமே இல்லை. இரண்டு திருப்பத்துக்குப் பிறகு அடுத்த தெரு நாய்கள் சேர்ந்துகொண்டன. எடிட்டர் அவற்றோடு பேச்சுவார்த்தை நடத்தும்போது கயிறு என் இரண்டு காலையும் சுற்றியது. யாரோ அவிழ்த்துவிட்டார்கள். மறுபடி கிளம்பினோம். டீ வாசனை வரவேண்டிய இடத்தில் ரத்த வாடை வந்தது. கட்டையில் கத்தி விழும் சத்தம் நின்றது. கறிக்கடை அஸ்லம் பாய் என்னை இருபது வருடமாக அறிந்தவர். சலாம் சொன்னார். நாற்காலி போட்டார். வேறு வாடிக்கையாளர்கள் காத்திருக்கும்போது நியாயமாக ஒரு சந்தேகமும் கேட்டார்: "சார், ஜல்தியா ஒண்ணு சொல்லுங்க. நீங்க நாய கூட்டிகினு வந்தீங்களா, நாய் உங்கள கூட்டிகினு வந்துச்சா? யாருக்குக் கறி வெட்டணும்?"

பாவு

ஏப்ரல் வந்துவிட்டது. இரவுச் சாப்பாட்டின்போது சரோஜா, பதவி உயர்வு வேண்டாம் என்று திங்கட்கிழமை எழுதிக் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னாள். சாதாரணமாகத்தான் சொன்னாள், ரசம் வேண்டுமா என்று கேட்பது போல. நாயும் வேண்டாம், கோலும் வேண்டாம், நான் தனியாகப் போவேன் என்று காட்டிவிட்டால் அவள் அப்படி எழுத மாட்டாள் என்று கணக்குப் போட்டேன். மறுநாள் அவள் குளிக்கப் போன நேரத்தில் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினேன். பிறந்து வளர்ந்த தெரு. நிமிர்ந்து, கையை வீசி, பார்வை உள்ளவன் போலவே நடந்தேன். எனக்கே திருப்தியாக இருந்தது.

எங்கள் பகுதியில் விடிந்ததும் தெருவில் பாவு நீட்டுவார்கள். ஒரு சேலைக் கட்டுக்கான நீளவாட்டுப் பட்டு இழைகள் முழுவதையும் தெருவோடு இழுத்துக் கட்டி, இடுப்பு உயரத்தில் கவைக்கால் என்ற கவட்டைக் கம்புகளை முட்டுக் கொடுத்து, கஞ்சி போட்டு நீவி, அறுந்த இழைகளைச் சேர்ப்பார்கள். அந்த நேரத்தில் ஓரமாகப் போக வேண்டும் என்று இந்த ஊர்ப் பசுமாட்டுக்குக்கூடத் தெரியும். வருடா வருடம் தீபாவளி மலருக்கு நானே படத்தோடு கட்டுரை கொடுத்திருக்கிறேன். அன்று அந்தப் பாவுக்குள் நான் நடந்தேன். வயிற்றில் ஈரமாக, மிருதுவாக எதுவோ தடுத்தது. யாரோ காயப்போட்ட துணி என்று நினைத்துக் கையால் விலக்கினேன்.

ஒருவரும் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. நெசவாளர் ஏகாம்பரம் என் இரண்டு மணிக்கட்டையும் பிடித்து, கொஞ்சங்கொஞ்சமாகப் பின்னால் நடத்தி வெளியே எடுத்தார். நல்லவேளையாக அறுந்தது சில இழைகள்தான். அவரும் அவர் மனைவியும் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று குனிந்து முடிச்சுப் போட ஆரம்பித்துவிட்டார்கள். நான் அங்கேயே நின்றேன். மன்னிப்புக் கேட்டு முடித்தபின், மனசு கேட்காமல், ஏன் ஒருவரும் குரல் கொடுக்கவில்லை என்று அவரையே கேட்டேன். ஏகாம்பரம் வேலையை நிறுத்தாமல் சொன்னார்: "கையில கோல் இருந்திருந்தா தூரத்துலயே கத்தியிருப்போம் சார். நீங்க வெறுங்கையா ஜம்முனு வந்துகினு இருந்தீங்க, ஆபரேஷன் பண்ணி கண்ணு வந்துட்ச்சின்னு நெனச்சி சந்தோஷப்பட்டோம்."

உறை பிரித்தல்

அன்றே கோலின் உறையைப் பிரித்தேன். அது எவ்வளவு இறுக்கமாக ஒட்டியிருந்தது என்றால், பல்லால் கடிக்க வேண்டியிருந்தது. சரோஜா உதவ வரவில்லை. பாவு விஷயம் எனக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டிருந்தது.

கோலோடு இறங்கிய முதல் நாள் தெரு மொத்தமும் கத்தியது. வலது என்றார்கள், இடது என்றார்கள், நில்லுங்க என்றார்கள், ஒருவர் குனியச் சொன்னார். எதற்கு என்று இன்றுவரை தெரியவில்லை. டீக்கடையை அடைந்து, பெஞ்சு இருக்கிறதா என்று கோலால் தட்டிப் பார்த்தேன். அது பெஞ்சு இல்லை, மாரிமுத்துவின் முழங்கால். மாரிமுத்து இன்னொரு பத்திரிகையின் நிருபர். கலெக்டர் ஆய்வு முதல் கோயில் திருவிழா வரை முப்பது வருடம் எனக்குப் போட்டி. எனக்குப் பார்வை போனது தெரிந்தபின் போனில் மட்டும் விசாரித்துவந்தவர், இப்போது என் கையில் டீ டம்ளரை வைத்து, விரல்களை அவரே மடக்கிவிட்டார். பிறகு பழைய குரல் வந்துவிட்டது: "யோவ், கண்ணு தெரிஞ்சப்போ வயித்துல அடிச்ச. இப்போ கால்ல அடிக்கிற. முன்னேற்றந்தான்யா."

தகவலாளர்கள்

ஞாயிற்றுக்கிழமை பஸ் நிலையம் வரை தனியாகப் போய் வருவது என்று முடிவு. முந்தின நாளே அறிவித்தேன். சரோஜா சரி என்று மட்டும் சொல்லிவிட்டு இட்லிக்கு ஊறப்போட்டாள். பின்னால் வருவாளோ என்று வழியெல்லாம் காதை வைத்துக்கொண்டே போனேன். அவள் செருப்புச் சத்தம் எனக்குத் தெரியும். வரவில்லை. காய்கறி வண்டி, பரோட்டாக் கல், வெள்ளிக் கடை வாசலின் சாம்பிராணி, அப்புறம் பஸ்களின் உறுமல். செய்யாறு பஸ் கண்டக்டர் கூப்பிடும் இடத்தை விசாரிக்காமலே கண்டுபிடித்தேன். அங்கே நின்று என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு கடலை மிட்டாய் வாங்கித் தின்றேன். திரும்பும்போது ஓர் இடத்தில் வழி தப்பியது. கொஞ்சம் வியர்த்தது. அரைக்கும் மிஷின் சத்தத்தைப் பிடித்து வந்துவிட்டேன்.

வாசலில் கால் வைத்ததும், ஒரு சிக்கலும் இல்லை என்று அறிக்கை கொடுத்தேன். சரோஜா மறுக்கவில்லை. வெள்ளிக் கடையிலிருந்து, பழக்கடையிலிருந்து, மிஷின்காரரிடமிருந்து, அஸ்லம் பாயிடமிருந்து வரிசையாக அவளுக்குப் போன் வந்திருந்தது. முப்பது வருடமாக எனக்குத் தகவல் கொடுத்தவர்கள் அத்தனை பேரும் அவளிடம் வேலைக்குச் சேர்ந்துவிட்டிருந்தார்கள். தட்டில் இட்லி வைத்தாள். தண்ணீர் வைத்தாள். பிறகு கேட்டாள்: "முனையில ஆட்டோவுல முட்டிகினீங்களாமே. ஆட்டோவுக்கு ஒண்ணும் ஆவலையே?"

திங்கட்கிழமை அவள் போய், ஏற்றுக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

திருத்திய பதிப்பு

விடுமுறைக்கு முந்தின வாரம் மூன்றாம் அத்தியாயத்தை மாற்றி எழுதிக் கொடுத்தனுப்பினேன். அதில் நாய் இல்லை. கதிர் பாத்ரூமுக்குப் போகிறான், ஒரு முறை வாளியில் இடிக்கிறான். கோலை உறையோடு மூலையில் வைக்கிறான். பாவுக்குள் நடக்கிறான். நாய் எங்கே என்று வகுப்பு ரகளை செய்யும் என்று பயந்துகொண்டிருந்தேன். யாமினிக்கு இந்த முறையும் ஒரே ஒரு குறைதான்: "மிஸ், பாவுல உழுந்தவன ஏன் அந்த நெசவுக்காரரு ஒரு வார்த்தகூட திட்டல? எங்கப்பாவா இருந்தா திட்டியிருப்பாரு."

ஜூன் மாதம் பள்ளி திறந்த நாளன்று, காலை முதல் பஸ்ஸில் சரோஜா வெம்பாக்கம் பக்கத்துப் பள்ளிக்குத் தலைமையாசிரியையாகப் பொறுப்பேற்கப் போனாள், ஏற்றிவிடப் போன கணவன் தனியாக வீடு திரும்பினான், எட்டாம் அத்தியாயம் முடிந்துவிட்ட நாவலில் நாய் இன்னும் வரவில்லை.