விழப்போவதைச் சொல்ல வந்தவர்

ராக்கெட் மேலே போவதைப் பற்றிப் பேச உலகத்தில் ஆளுக்கா பஞ்சம்? தொலைக்காட்சியில் பேசுகிறார்கள், பத்து, ஒன்பது, எட்டு என்று தலைகீழாக எண்ணுகிறார்கள், கோட்டு போட்டவர்கள் கைகுலுக்கிக்கொள்கிறார்கள். போன சாமானில் பாதி, எரிந்து முடிந்ததும் எங்கே போகிறது என்று மட்டும் ஒருத்தரும் கேட்பதில்லை. எங்கள் தலைமேல்தான் வருகிறது. பைக்கனூரிலிருந்து கிளம்பும் ராக்கெட், வயிறு காலியானதும் கழற்றிப்போடும் அடிப்பாகம் கஜகஸ்தான் புல்வெளியில் கராசாஸ் பக்கம் வந்து விழும். நாளைக்கு விழப்போகிறது, ஆட்டை ஓட்டிக்கொண்டு தள்ளிப் போங்கள் என்று பட்டி பட்டியாகப் போய்ச் சொல்ல மாவட்ட அலுவலகம் ஓர் ஆளை வைத்திருந்தது. அந்த ஆள்தான் சய்லாவ்.

தேர்தல் நாளில் பிறந்த பிள்ளைக்கு எங்கள் பக்கம் அந்தப் பெயரை வைப்பார்கள். தேர்தல் என்றுதான் அதற்கு அர்த்தம். வைத்த நேரமோ என்னமோ, மனிதருக்கு எதையும் தேர்ந்தெடுக்கவே வராது. கடையில் இரண்டு தொப்பிகளை எடுத்துக் காட்டினால் வெறுந்தலையோடு வீடு திரும்புவார். முதல் கல்யாணத்தை அப்பா முடிவு செய்தார். அந்த மகராசி நோயில் விழுந்து போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது. இரண்டாவதை முடிவு செய்ய அப்பாவும் உயிரோடு இல்லை.

ராக்கெட்டுக்கு நாள் குறித்துவிட்டால், முந்தின நாள் காலையில் அலுவலகத்தின் பழைய ரஷ்ய ஜீப்பில் கிளம்புவார். ஒவ்வொரு பட்டியும் மைல் கணக்கில் தள்ளி இருக்கும். போன இடத்தில் சேதியைச் சொல்லிவிட்டு உடனே திரும்ப முடியாது. வந்தவனை வாசலிலேயே நிறுத்தி என்ன விஷயம் என்று கேட்பது எங்களிடம் பெரிய அசிங்கம். முதலில் உட்காரவைத்து டீ கொடுக்க வேண்டும். டீயோடு பவுர்சாக் என்னும் எண்ணெயில் பொரித்த மாவுருண்டை, வெண்ணெய், உலர்ந்த தயிருருண்டை. அதற்குள் உள்ளே இறைச்சி வெந்துகொண்டிருக்கும். எல்லாம் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான், "சரி, என்ன சேதி?" என்பார்கள். வானத்திலிருந்து இரும்பு விழப்போகிறது என்று சொல்ல வந்தவரும் இறைச்சி வேகும்வரை மழையைப் பற்றிப் பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். விண்வெளி ஆராய்ச்சியால் மனித குலத்துக்கு என்ன கிடைத்ததோ தெரியாது, சய்லாவுக்குத் தொப்பை கிடைத்தது.

டீயிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கிண்ணத்தில் கால்வாசிதான் ஊற்றுவார்கள். குடித்ததும் இன்னொரு கால்வாசி. இருங்கள், நீங்கள் உட்கார்ந்திருப்பது எங்களுக்குச் சந்தோஷம் என்று அதற்குப் பொருள். போதும் என்றால் விருந்தாளி கிண்ணத்தைச் சாய்த்து வைப்பார். விளிம்புவரை நிரப்பிக் கொடுத்தார்கள் என்றால் கதையே வேறு. குடித்துவிட்டு நடையைக் கட்டு என்று அர்த்தம். அப்படி ஒரு கிண்ணத்தால் வருஷக்கணக்கில் முகம் பார்க்காமல் இருக்கும் சம்பந்திகள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள்.

சய்லாவ் கடைசியாகப் போகும் பட்டி குல்பாஷுடையது. அவளும் புருஷனை இழந்தவள். கொழுந்தன் தொக்தாரைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷன் வீட்டாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பதால் தொக்தாருக்கு மைனர் என்று பட்டப்பெயர் வைத்திருந்தாள். தொக்தார் குளிப்பதே அபூர்வம் என்பதுதான் அதிலிருந்த விசேஷம். கரகந்தா நகரத்தில் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் மகள், "ஆட்டை வித்துட்டு இங்கேயே வந்துடும்மா" என்று வாரா வாரம் போனில் நச்சரித்தாள். அடுத்த வசந்தத்தில் சொல்கிறேன் என்று குல்பாஷ் தவணை வாங்கியிருந்தாள்.

இந்தத் தவணைதான் சய்லாவைத் தூங்கவிடவில்லை. அதற்குள் வாயைத் திறந்து கேட்காவிட்டால் அவள் ஏதோ ஒரு நாலாவது மாடியில் ஏறி உட்கார்ந்துவிடுவாள். அவருக்கு அவளைப் பிடித்திருந்தது. அவளுடைய சிரிப்பு, அதட்டல், இடுப்பில் கைவைத்து வானத்தைப் பார்க்கும் பார்வை, எல்லாமே பிடித்திருந்தது. கேட்கத்தான் தெரியவில்லை.

இன்னொரு சங்கதி. அலுவலகச் சுவரில் ஒரு வரைபடம் தொங்கும். விழும் இடத்தைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம் போட்டிருக்கும். குல்பாஷின் பட்டி அந்த வட்டத்துக்கு வெளியே, இரண்டு விரல்கடை தள்ளி. அங்கே போய் எச்சரிக்க வேண்டிய அவசியமே கிடையாது. இது சய்லாவுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் புருஷன் இல்லாத பெண்ணின் வீட்டுக்கு ஓர் ஆம்பிளை சும்மா போக முடியுமா? சாப்பிட்டு முடித்ததும் என்ன சேதி என்று கேட்டால் எடுத்து வைக்க ஒரு சேதி வேண்டுமே. அந்தச் சேதியைத்தான் பைக்கனூர்க்காரர்கள் அனுப்பிவைத்தார்கள். எந்த நாட்டுச் செயற்கைக்கோள், எதற்காகப் போகிறது என்பதெல்லாம் அவருக்குத் தேவையில்லை. அடிக்கடி போனால் சரி.

பனி உருகும் நேரத்தில் அந்த வருஷத்தின் முதல் ராக்கெட் வந்தது. வாசலில் ஜீப்பைப் பார்த்ததுமே தொக்தார் ஆரம்பித்தான்.

"என்னண்ணே, வானம் மறுபடியும் இடிஞ்சு விழுதா?"

"அதெல்லாம் அப்புறம். முதல்ல உள்ள விடு."

"வாங்க வாங்க. ராக்கெட்டைப் பாத்து ஆடு மெலியுது, உங்களைப் பாத்தா அப்படித் தெரியலையே."

குல்பாஷ் கால்வாசி கால்வாசியாக ஊற்றினாள். சாப்பிட்டு முடித்ததும் முறைப்படி கேட்டாள். சய்லாவ் தொண்டையைச் செருமிக்கொண்டு, மனசில் இருந்ததை விழுங்கிவிட்டு, "நாளைக்கு ராக்கெட்டு" என்றார்.

"அப்படியா" என்றாள் குல்பாஷ், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல். "ஆட்டையெல்லாம் மலைக்கு அந்தப்பக்கம் ஓட்டிடுறோம்."

மறுநாள் காற்று சரியில்லை என்று ராக்கெட்டைத் தள்ளிவைத்தார்கள். அங்கே எத்தனை பேர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்களோ, இங்கே ஒருத்தர் விசிலடித்துக்கொண்டு ஜீப்பைக் கிளப்பினார். தள்ளிப்போனதையும் போய்ச் சொல்ல வேண்டும் அல்லவா.

கோடையில் குமிஸ் என்னும் குதிரைப்பால் கள் புளித்துப் பொங்கும் காலத்தில் அடுத்த ராக்கெட். இந்தத் தடவை கேட்டே விடுவது என்று கண்ணாடி முன் நின்று ஒத்திகை எல்லாம் பார்த்துவிட்டுத்தான் போனார். தொக்தார் விட்டால்தானே. குமிஸ் உள்ளே போனதும் அவனுக்கு நியாயம் பேச வந்துவிடும். மழை பெய்யாததற்கு ராக்கெட் காரணம், உருளைக்கிழங்கு சிறுத்ததற்கு ராக்கெட் காரணம் என்று அடுக்கிக்கொண்டே போய்க் கடைசியில் தொப்பியைக் கழற்றினான்.

"இதையும் எழுதிக்குங்கண்ணே. என் முடி போனதுக்கும் ராக்கெட்டுதான்."

"மைனரே, உங்கப்பா கல்யாண போட்டோவைப் பாத்திருக்கீங்களா?" என்றாள் குல்பாஷ். "அப்ப ஏது ராக்கெட்டு? மண்டை அப்பவே கண்ணாடி மாதிரிதான் இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்தபோது சய்லாவின் ஒத்திகை மறந்துபோயிருந்தது. நாளைக்கு ராக்கெட்டு என்று சொல்லிவிட்டு வந்தார். அந்தக் கோடை முழுக்க இதே கதைதான். கடைசியில் தன் வாய்க்கு அந்த ஒரு வாக்கியத்தைத் தவிர வேறு எதுவும் தெரியாதோ என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

புல் பழுத்துக் குளிர் தொடங்கும் மாதத்தில் ஒரு ராக்கெட்டை ஒரு நாள் தள்ளிவைத்தார்கள். அதைச் சொல்வதற்காக, ராக்கெட் கிளம்பும் அன்று காலையிலேயே குல்பாஷின் பட்டிக்குப் போய்ச் சேர்ந்தார். தொக்தார் ஆடுகளோடு மலைக்கு அந்தப்பக்கம் இருந்தான். வீட்டில் அவள் மட்டும் இருந்தாள். வருஷம் முழுக்கக் காத்திருந்த நேரம் அதுதான்.

அவள் எதிரே உட்கார்ந்து டீ ஊற்றக் கெண்டியைச் சாய்த்தாள். சய்லாவ் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். கிணற்றில் குதிப்பவர் மாதிரி மூச்சை இழுத்துப் பிடித்து, "கரகந்தாவுக்குப் போகாதீங்க குல்பாஷ். என்னைக் கட்டிக்குங்க" என்று சொல்லியே விட்டார்.

கண்ணைத் திறந்தார். முன்னால் கிண்ணம் இருந்தது. விளிம்புவரை நிரம்பி, ஒரு சொட்டு வெளியே வழிந்திருந்தது. குல்பாஷ் எழுந்து முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திர அலமாரி பக்கம் போய்விட்டாள்.

அவருக்கு நெஞ்சே உடைந்துபோயிற்று. வாயால் சொல்லியிருந்தால்கூட இரண்டு வார்த்தை பேசிப் பார்க்கலாம். கிண்ணத்தை நிரப்பிய பிறகு பேச என்ன இருக்கிறது? ஊற்றியதைக் குடிக்காமல் எழுவது இன்னும் கேவலம் என்பதால், கொதிக்கக் கொதிக்க அத்தனை டீயையும் ஒரே மடக்கில் விழுங்கினார். நாக்கு வெந்தது. தொப்பியை எடுத்துக்கொண்டு, விடைகூடப் பெறாமல், ஜீப்புக்கு ஓடினார்.

அவர் கவனிக்காத ஒரு சங்கதி நடுவில் நடந்திருந்தது. அவர் வாயைத் திறந்த அதே நேரத்தில் வட்டத்துக்கு மேலே ராக்கெட்டின் அடிப்பாகம் வந்திறங்கி, வழக்கம்போல் இரட்டை இடி இடித்தது. ஜன்னல் அதிர்ந்தது, நாய் கட்டிலுக்கடியில் புகுந்தது. அந்தச் சத்தத்தோடேயே இருபது வருஷமாகக் குடித்தனம் நடத்தும் சய்லாவின் காதுக்கு அது ஒரு தும்மல். அவர் தன் வாக்கியத்திலேயே மூழ்கியிருந்தார்.

குளிர்காலம் வந்தது. தொக்தார் சந்தைக்கு வந்தபோதெல்லாம் ஒரே கதையைச் சொன்னான். "ராக்கெட்டு விழுது, பயப்படாதீங்கன்னு ஊருக்கெல்லாம் சொல்ற ஆளு, சத்தம் கேட்டதும் டீயைக் கவுத்துட்டு ஓடிட்டாராம். மதினி அலமாரியைப் பிடிச்சிட்டுத் திரும்பறாங்க, ஆளைக் காணோம்." சந்தையே சிரித்தது. சய்லாவ் மறுத்துப் பேசவில்லை. பெண் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்பதைவிட, பயந்தாங்கொள்ளி என்ற பெயர் அவருக்குக் கௌரவமாகத்தான் பட்டது.

பட்ட காலிலேயே அடுத்த அடியும் விழுந்தது. புதிதாக வந்த இளம் அதிகாரி ஜன்தோஸ் அவரைக் கூப்பிட்டு, "இனி நீங்க அலைய வேண்டாம் அண்ணே. எல்லார் கையிலயும் செல்போன் இருக்கு. மெசேஜ் போயிடும்" என்றான். ஜீப்பின் சாவியை வாங்கிக்கொண்டு, ஜன்னலோரமாக ஒரு நாற்காலியைக் கொடுத்தான். நாற்காலிக்கு நேர் எதிரே அந்த வரைபடம். வட்டத்துக்கு இரண்டு விரல்கடை தள்ளி இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு குளிர்காலத்தைக் கழித்தார்.

பனி இளகத் தொடங்கியபோது, குல்பாஷின் ஆடுகளைப் பார்க்க வெளியூர்க்காரர் யாரோ வரப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. அன்று ராக்கெட் எதுவும் இல்லை. அந்த மாதத்திலேயே இல்லை. சய்லாவ் பக்கத்து வீட்டுக்காரரின் லாடா காரை இரவல் வாங்கிக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக, யாரும் அனுப்பாமல் கிளம்பினார்.

பட்டி வாசலில் தொக்தார் மறித்தான். "என்னண்ணே, போன்ல ஒரு மெசேஜும் வரலையே. நீங்க இப்ப என்ன, முன்கூட்டியே ஓடிட்டு வர்றீங்களா?"

சய்லாவ் அவனைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனார். குல்பாஷ் நிமிர்ந்து பார்த்தாள். உட்காருங்கள் என்று சொல்லவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, நின்ற நிலையிலேயே, எங்கள் பக்கம் யாரும் கேட்காததைக் கேட்டாள்.

"என்ன சேதி?"

"சேதி ஒண்ணும் இல்ல. இன்னைக்கு எதுவும் விழல."

"அப்ப எதுக்கு வந்தீங்க?"

"அன்னைக்கு நீங்க சொன்ன பதிலு" என்று சய்லாவ் இழுத்தார். "அது முடிவுதானான்னு தெரிஞ்சுக்கிட்டுப் போலாம்னு."

"நான் என்ன பதில் சொன்னேன்? பேசவே இல்லையே."

"கிண்ணத்தை நிரப்பினீங்களே."

குல்பாஷ் இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். "இடி இடிச்சுது. கை ஆடிப்போச்சு. பீங்கான் உடையக் கூடாதேன்னு அலமாரிக்கு ஓடினேன். எவ்வளவு ஊத்தினேன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க என்ன கேட்டீங்க?" என்றாள்.

வாசலில் தொக்தார் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். அவனையும் வைத்துக்கொண்டுதான் சொல்ல வேண்டியிருந்தது. இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. "கரகந்தாவுக்குப் போகாதீங்க. என்னைக் கட்டிக்குங்கன்னு கேட்டேன்."

"அதைக் கேட்டுட்டா ஓடினீங்க?" குல்பாஷுக்குக் கோபம் வந்துவிட்டது. முகமெல்லாம் சிவந்தது. "இந்தக் குளிர்காலம் பூரா நான் என்ன பாடுபட்டேன்னு தெரியுமா? இவ்வளவுதானா இந்த மனுஷன்னு வெறுத்துப்போய்த்தான் ஆட்டை விக்கவே சம்மதிச்சேன். எங்க பட்டி வட்டத்துக்கு வெளியன்னு எனக்குத் தெரியாதுன்னா நினைச்சீங்க? வாக்கப்பட்டு வந்த நாள்லேர்ந்து தெரியும். தெரிஞ்சேதான் ஒவ்வொரு தடவையும் நீங்க சொன்னீங்களேன்னு அத்தனை ஆட்டையும் மலைக்கு அந்தப்பக்கம் ஓட்டினேன். குட்டி போட்ட ஆட்டையும் சேத்து. எதுக்குன்னு நினைச்சீங்க?"

"மதினி" என்றான் தொக்தார், பரிதாபமாக. "ஓட்டினது நானு."

அவனை யாரும் கவனிக்கவில்லை. சய்லாவ் தொப்பியைக் கழற்றினார். பொய் சொன்னது தான் மட்டும்தான் என்று இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பொய்க்காக ஒருத்தி மழையிலும் குளிரிலும் மந்தையை நகர்த்தியிருக்கிறாள். உட்காருங்கள் என்று அவள் சொல்லாமலே உட்கார்ந்துவிட்டார்.

குல்பாஷ் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். கெண்டியை எடுத்தாள். அவர் பார்க்கிறாரா என்று பார்த்துக்கொண்டு, கிண்ணத்தின் அடி மறையும் அளவுக்கு, ஒரு வாய் டீ மட்டும் ஊற்றி நீட்டினாள். அவர் குடித்தார். மறுபடி ஒரு வாய் ஊற்றினாள். தொக்தார் ஆடு வாங்க வருபவர்களுக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து பார்த்தபோதும் ஊற்றிக்கொண்டிருந்தாள். பொழுது சாயும்வரை சய்லாவ் கிண்ணத்தைச் சாய்த்து வைக்கவே இல்லை.