இடக்கைக்காரி

அந்தப் பாய்மரக் கப்பலின் பின்புறம் வெள்ளை எழுத்தில் ‘இடக்கைக்காரி’ என்று எழுதியிருக்கும். துறைமுகத்துக்குத் துறைமுகம் அதைப் படித்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் கண்ணீரை அவர்கள் எங்கே கண்டார்கள்?

அதைக் கட்டிய பட்டறையில் பதினோரு வருடமாக அந்த இடக்கைக்காரிக்கு ஒரே வேலை. பலகை இடுக்குகளை அடைப்பதற்கான பஞ்சை எண்ணெயில் தோய்த்துத் திரித்துக் கொடுப்பாள். அதை உளி வைத்து அடித்து இறக்கும் வேலை மட்டும் அவளுக்குக் கிடைக்கவே இல்லை.

“இடக்கைக்காரி அடிச்சா கப்பலே கோணிக்கிட்டுப் போகும்!” என்பார் மேஸ்திரி.

ஆனால் அங்கே கட்டிய கப்பல்கள் எல்லாம் ஒரே இடத்தில் ஒழுகின. பின்பக்கம், சுக்கான் மாட்டும் கட்டையை ஒட்டிய இடது மூலை. மூன்று முறை மரத்தை மாற்றியும் பயனில்லை. இப்போது கட்டி முடித்த இந்தக் கப்பலும் ஒழுகினால் பட்டறையை மூடிவிடுவதாக முதலாளியம்மா சொல்லிவிட்டார்.

அன்றுதான் அவள் வாயைத் திறந்தாள்.

“மரத்து மேல பழி போடாதீங்க மேஸ்திரி. அங்க வலது கையை வீச இடமில்ல, கட்டை இடிக்குது. சும்மா தட்டிட்டு வந்துடறீங்க. பஞ்சு உள்ள இறங்கறதே இல்ல.”

“பாருங்கய்யா, பஞ்சு திரிக்கறவ எனக்குப் பாடம் எடுக்கறா!”

முதலாளியம்மா அவளையே பார்த்தார். “சரி, நீயே அடி. ஒழுகுச்சுன்னா?”

“அப்புறம் இந்தப் பக்கமே வரமாட்டேம்மா.”

சொல்லிவிட்டாள். முதுகொடிந்து படுத்திருக்கும் கணவனும் பள்ளிக்கூடம் போகும் மகளும் அவள் சம்பளத்தைத்தான் நம்பியிருந்தார்கள்.

இரண்டு நாள் அந்த மூலையில் மல்லாந்து கிடந்து அடித்தாள். மூன்றாம் நாள் காலை, வழக்கப்படி கப்பலின் வயிற்றில் தண்ணீர் நிரப்பினார்கள். கீழே காய்ந்த மணலைப் பரப்பி எல்லோரும் குனிந்து நின்றார்கள். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

ஒரு மணி நேரம். இரண்டு மணி நேரம். அவளுடைய மூலையில் மணல் காய்ந்தே கிடந்தது!

“சொட்டுது, சொட்டுது!” என்று ஒருவன் நடுப்பகுதியிலிருந்து கத்தினான். “மேஸ்திரி, இது நீங்க அடிச்ச இடம்!”

பட்டறை அதிர்ந்தது. சிரிப்பு அடங்கவே நேரமானது. முதலாளியம்மா, தன் அப்பாவின் பெயரை எழுத வந்திருந்த பெயின்டரைத் தடுத்தார்.

“அப்பா பேரு அடுத்த கப்பலுக்கு இருக்கட்டும். இதுக்கு இவ பேரை எழுது.”

“என்ன பேரும்மா?”

“பட்டறையே கூப்பிடுதே, அதான்!”

அவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. முந்தானையால் துடைத்துக்கொண்டு இடது கையில் சுத்தியலை எடுத்தாள்.

“கொஞ்சம் நகருங்க மேஸ்திரி. உங்க ஓட்டையையும் அடைச்சுடறேன்.”

மேஸ்திரி நகர்ந்தார்.