பெஞ்சில் போட்டுவிட்டார்கள்

என் வீட்டுக்காரர் சாப்பிடக்கூட உட்கார மாட்டார். தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு சமையலறைக்கும் பால்கனிக்கும் நடப்பார். கேட்டால், "ஆபீஸ்ல நாள் பூரா உட்கார்ந்துதானே இருக்கேன்" என்பார். பெஞ்சுக்குப் போன நாளிலிருந்து இந்தக் கூத்து.

"என்னைப் பெஞ்சுல போட்டுட்டாங்க" என்று முதலில் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுப்பாடம் எழுதாதவனைப் பெஞ்சு மேல் ஏற்றி நிற்க வைப்பார்களே, அதைத்தான் நினைத்தேன்.

"ஏங்க, என்ன தப்பு பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலைடி. ப்ராஜெக்ட் முடிஞ்சுபோச்சு. அடுத்தது கிடைக்கிற வரைக்கும் பெஞ்ச்."

விளையாட்டிலிருந்து வந்த வார்த்தையாம். மைதானத்து ஓரத்தில் நீளமாக ஒரு பெஞ்சு கிடக்கும். மாற்று ஆட்டக்காரர்கள் அதில் உட்கார்ந்து, எப்போது கூப்பிடுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதை எவனோ கம்பெனிக்குள் கொண்டுவந்துவிட்டான். இங்கே ரொம்ப நாள் கூப்பிடாவிட்டால் வேலையே போய்விடும்.

வேலை இல்லாவிட்டாலும் காலையில் அடையாள அட்டையைத் தேய்த்து உள்ளே போயாக வேண்டும். பெஞ்சுக்காரர்களுக்கென்றே ஓர் அறை. இவருக்கு ஏசிக்கு நேர் கீழே இடம்; மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவார். மேனேஜர் யாராவது கதவைத் திறந்தால் எல்லோரும் கீபோர்டில் எதையாவது தட்டுவார்களாம். வந்தவர் சார்ஜர் தேடி வந்திருப்பாராம். சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

எதிர்வீட்டுத் தம்பிக்கும் அதே ஆபீஸ்தான், நல்ல ப்ராஜெக்டில் இருந்தான். தினமும் கீழே வண்டியை நிறுத்தி இரண்டு தடவை ஹார்ன் அடிப்பான். இவர் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடுவார். "கவலையை விடுங்கண்ணா, உங்களுக்குக் கிடைக்காம யாருக்குக் கிடைக்கும்?" என்று வழியெல்லாம் தைரியம் சொல்வானாம்.

நேற்று மத்தியானம் இவரிடமிருந்து போன் வந்தது. "கூப்பிட்டுட்டாங்க!" அடுப்பை அணைக்கக்கூட மறந்து குதித்தேன். சாயங்காலம் வந்தவரோ ஷூவைக்கூடக் கழற்றாமல் மறுபடியும் நடக்கத் தொடங்கினார்.

"இப்ப என்னங்க? அதான் கிடைச்சிடுச்சே!"

"ஒருத்தன் உள்ள போகணும்னா ஒருத்தன் வெளிய வரணும்ல. எனக்குக் கொடுத்தது நம்ம தம்பி சீட்டு."

பாழாய்ப்போன கம்பெனி! வேறு சீட்டே அகப்படவில்லையா? வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஆனால் எங்கள் பிழைப்பு தப்பியதில் உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

இன்று காலை ஹார்ன் கேட்கவில்லை. பஸ்ஸில் போகிறேன் என்று இவர் பையை எடுத்தார். படியில் கால் வைக்கும்போது கேட்டது, இரண்டு தடவை. நானும் பின்னாலேயே இறங்கினேன். தம்பி ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

"ஏறுங்கண்ணா, நேரமாச்சு" என்றான். "அந்த ரூம்ல ஏசி காத்து படாத இடம் எதுன்னு போற வழியில சொல்லுங்க."