பத்தொன்பது முறை ஹம்பி போன சமையல்காரர்

சிங்காநல்லூரிலிருந்து புறப்பட்ட எங்கள் சுற்றுலா பஸ்சில் நரசிம்மலுதான் சமையல்காரர். அடுப்பு, அண்டா, நாற்பது பேருக்கு அரிசி பருப்பு எல்லாம் பஸ்சிலேயே வரும். நாங்கள் கோயில் பார்த்துத் திரும்புவதற்குள் மரத்தடியில் இலை போட்டுவிடுவார். இருபது வருடமாக இதுதான் அவர் பிழைப்பு.

ஹம்பிக்கு இது அவருக்குப் பத்தொன்பதாம் முறை. மற்றவர்கள் கையில் புத்தகம் வைத்திருந்தார்கள். எழுத்துத் தெரியாத எனக்கு அவர் வாய்தான் புத்தகம். கல் தேரைக் காலையிலேயே பார்த்துவிட வேண்டுமாம், வெயில் ஏறினால் கால் சுடுமாம். விருபாட்சர் கோயில் இருட்டறைச் சுவரில் கோபுர நிழல் தலைகீழாக விழுமாம்.

"உங்க பேருள்ள நரசிம்மரு எப்படியிருப்பாருங்க?" என்று கேட்டேன்.

"பார்த்ததில்லைங்கம்மா. அந்தச் சாமிய நெனச்சுத்தான் எங்கம்மா பேரு வெச்சாங்களாமுங்க. அடுப்ப உட்டுப்போட்டு எங்கீங்க போறது? நான் சொன்னதெல்லாம் சாப்பிட வந்தவங்க சொன்னதுங்க."

பஸ்சே சிரித்தது. எனக்கு மட்டும் மனசு ஆறவில்லை. ஹம்பியில் இறங்கியதும் அவர் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கிக்கொண்டேன்.

"இன்னிக்கு ரசம் நான் வெக்கறேன். நீங்க சாமியப் பார்த்துப்போட்டு வாங்க."

"நாப்பது பேருக்கு உப்புப் போட உங்களுக்குத் தெரியாதுங்களேம்மா."

"எனக்கேவா?"

டிரைவர் ரசாக் அவரை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார். மூன்று மணிக்குப் பஸ் கிளம்ப வேண்டும். மூன்றுக்குத்தான் மனிதர் வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்தார். முகமெல்லாம் பல்.

"பார்த்தீங்களா?"

"எங்கீங்க! வழியில கல்லுத் தட்டு வரிசையாக் கெடக்குதுங்கம்மா. குழம்புக்கு, பொரியலுக்குத் தனித்தனியாக் குழி. ஒரு பந்திக்கு எத்தன பேரு, பரிமாற எத்தன ஆளுன்னு யோசிச்சு நின்னுபோட்டனுங்க. ஆட்டோக்காரரு போயிட்டாரு."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். "ஏறுங்கம்மா, நேரமாச்சுங்க," என்றார் ரசாக்.

நான் கவிழ்த்துவைத்த அண்டாமேல் உட்கார்ந்தேன். "சாமியக் காட்டறதாச் சொல்லுங்க, எந்திரிக்கறேன்."

"அண்டா டூர் கம்பெனியுதுங்கம்மா."

"அப்பக் கம்பெனிய வந்து தூக்கச் சொல்லுங்க."

ரசாக் தலையைச் சொறிந்தார். பிறகு பஸ்சை நரசிம்மர் பக்கம் திருப்பினார். நாற்பது பேரும் நரசிம்மலு பின்னாலேயே இறங்கி ஓடினோம்.

தலைக்கு மேல் பாம்புப் படம், பிதுங்கிய கண், அகலத் திறந்த வாய். மலைபோல உட்கார்ந்திருந்தார் சாமி. நரசிம்மலு கைகூப்பி நின்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி மெல்லச் சொன்னார்:

"சோறு லேட்டானா நீங்கெல்லாம் இப்படித்தானுங்க உக்காந்திருப்பீங்க."

ரசாக் சிரித்துச் சிரித்துக் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டார்.

என் ரசத்தில் உப்பில்லை என்று யாரோ அவரிடம் போட்டுக்கொடுத்திருக்கிறார்கள். உப்பு இருந்தது. ஆனால் அவர் அதைப் பேசவே இல்லை. சிங்காநல்லூர் வரும்வரை கண் இவ்வளவு, வாய் இவ்வளவு என்று நரசிம்மரைப் பற்றியே சொல்லிக்கொண்டு வந்தார், நாங்கள் யாருமே பார்க்காததுபோல. நாங்களும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டு வந்தோம்.