ஒண்ணாந்தேதியில் வந்த மூன்றாவது சுற்று

இரண்டு வருடங்களுக்கு முன்பு ஜூன் மாதம் ஒன்றாம் தேதி, ஒரு சனிக்கிழமை மத்தியானம், குமாரபாளையத்தில் எங்கள் வீட்டு ஹாலில் நடந்தது இது. "போயும் போயும் ஒரு டென்னிஸ் ஆட்டத்துக்கா இவ்வளவு?" என்று நீங்களும் கேட்கலாம். என் சொந்தக்காரர்கள் கேட்டுக் கேட்டு எனக்குக் காது மரத்துவிட்டது.

நான் ஒரு தனியார் பள்ளியில் பி.டி. டீச்சர். கல்லூரிக் காலத்திலிருந்தே டென்னிஸ் பைத்தியம். அதிலும் மே கடைசியில் பாரீஸில் செம்மண் தரையில் நடக்கிற போட்டி இருக்கிறதே, அது எனக்காகவே வைத்த மாதிரி. பள்ளி விடுமுறை. நம்மூர் நேரத்துக்கு மத்தியானம் இரண்டரைக்கு ஆரம்பிப்பார்கள். சமையலை முடித்து, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்தால் ராத்திரி வரைக்கும் ஆட்டம் இருக்கும். என் கணவருக்கும் இரண்டு பையன்களுக்கும் கிரிக்கெட்டை விட்டால் வேறு தெரியாது. என்னோடு உட்கார்ந்து பார்த்த ஒரே ஆள் என் மாமனார்தான்.

மாமனார் தறி ஓட்டிச் சம்பாதித்தவர். மாமியார் போய்ச் சேர்ந்த பிறகு, குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, வாக்கரைப் பிடித்து நடக்கிற நிலைமைக்கு வந்தார். அப்போது மகன்கள் இருவரும் நாலு சொந்தக்காரர்களை உட்கார வைத்து ஒரு ஏற்பாடு பேசினார்கள். ஒரு மாதம் எங்கள் வீடு, அடுத்த மாதம் சங்ககிரியில் லாரி புக்கிங் நடத்துகிற என் கணவரின் அண்ணன் வீடு. ஒண்ணாந்தேதி ஆள் மாற வேண்டும். எங்கள் பக்கம் இது ஒன்றும் அதிசயமில்லை, பல வீடுகளில் இப்படித்தான் ஓடுகிறது. ஜனவரி எங்களுக்கு என்று ஆரம்பித்ததால் பிப்ரவரி அவர்களுக்குப் போனது. "நாள் கொறச்சலான மாசம் அவங்களுக்குப் போயிருச்சே" என்று என் கணவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். பெற்ற அப்பனை வைத்துச் சோறு போடுவதில் நஷ்டக் கணக்கு! இத்தனையும் பேசும்போது மாமனார் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

முதல் வருடம் நான் டிவியைப் போட்டபோது, "என்ன சாமி இது, நாடாவாட்டம் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போயிட்டு வருது?" என்றார். தறியில் நூலோடு குறுக்கும் மறுக்கும் ஓடுகிற நாடாவைப் பார்த்தே பழகிய கண் இல்லையா? அரை மணி நேரத்தில் என்னைவிடத் தீவிரமாகிவிட்டார். செம்மண் தரையில் பந்து விழுந்தால் தடம் பதியும். பந்து உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று தகராறு வந்தால், உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நடுவர் இறங்கி ஓடிவந்து, குனிந்து அந்தத் தடத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். மாமனாருக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. "மேலேயே உக்காந்துட்டு சொல்லாம எறங்கி வந்து பாக்கறான் பாரு, அவன் மனுசன்" என்பார்.

பெரிய ஆட்டக்காரர்கள் யாரையும் அவர் சீந்தவே மாட்டார். முதல் இரண்டு சுற்றுகளில் மூலையில் இருக்கிற சின்ன மைதானங்களில், பேர் தெரியாத ஆட்கள் ஆடுவார்கள் பாருங்கள், அவர்கள்தான் அவருக்கு வேண்டும். அப்படிப் பிடித்தவன்தான் கட்டையன். தகுதிச் சுற்றில் ஜெயித்து உள்ளே வந்த குள்ளமான ஆள், ஏதோ ஒரு சின்ன நாடு. எதிரில் நின்றவன் பனைமரம் மாதிரி இருந்தான். "இந்தக் கட்டையன் ஜெயிக்கணும் சாமி" என்றார். தோற்றான். அடுத்த வருடமும் வந்தான், இரண்டாவது சுற்றில் தோற்றான். அதற்கடுத்த வருடம் கால் பிசகிப் பாதியிலேயே போனான். கோப்பை யாருக்கு என்பதெல்லாம் மாமனாருக்குத் தெரியவே தெரியாது. மே முப்பத்தொன்றோடு அவருக்குப் போட்டி முடிந்துவிடும். ஒண்ணாந்தேதி சங்ககிரிக்குப் போய்விடுவார். அங்கேயும் டிவி இருக்கிறது, ஹாலில். மாமனாருக்குக் கட்டில் போட்டிருந்ததோ பின்பக்கம், பழைய டயரும் தார்ப்பாயும் அடுக்கியிருந்த அறையில்.

நான் சொல்லவந்த அந்த வருடம் கட்டையன் ஆடினானே ஓர் ஆட்டம்! ஐந்து செட்டில் மூன்றை ஜெயிக்க வேண்டும். முதல் சுற்றில் இரண்டைத் தோற்றுவிட்டு, அடுத்த மூன்றையும் எடுத்தான். மாமனார் வாக்கரைத் தரையில் தட்டித் தட்டிக் கத்தினார். பக்கத்து வீட்டுக்காரம்மா என்னமோ ஏதோ என்று ஓடிவந்து எட்டிப் பார்த்தார். வியாழக்கிழமை இரண்டாவது சுற்றிலும் ஜெயித்தான். மூன்றாவது சுற்று சனிக்கிழமை என்று டிவியில் காட்டினார்கள்.

மாமனார்தான் முதலில் சொன்னார். "சனிக்கெழமைன்னா ஒண்ணாந்தேதி ஆச்சே சாமி."

அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. "நான் பேசிப் பாக்கறனுங்க மாமா" என்றேன்.

முதலில் முட்டுக்கட்டை போட்டவர் என் கணவர். "ஒரு நாள் சேத்தி வெச்சா அதையே பழக்கமாக்கிருவாங்க. அடுத்த தடவ அவங்க ஒரு நாள் முன்னாடியே கொண்டாந்து உட்டுட்டுப் போவாங்க. சும்மா இரு புள்ள" என்றார். நான் சும்மா இருக்கிற ஜாதியில்லை. நேராக அண்ணன் மனைவிக்கே, என் ஓரகத்திக்கே, போன் போட்டேன்.

"அக்கா, மாமா நாளன்னிக்கி ஒரே ஒரு நாள் இங்க இருக்கட்டுங்க. ஞாயித்துக்கெழம காலையில நானே கூட்டியாந்து உடறேன்."

"எதுக்கு?"

"டென்னிஸ் பாக்கணும்னு ஆசப்படறாருங்க."

வந்தது பாருங்கள் ஒரு பதில். "டென்னிஸா? எம்பது தாண்டுன மனுசனுக்கு டென்னிஸா? யாருக்குப் புள்ள காது குத்தற? சனிக்கெழம ரிஜிஸ்டர் ஆபீஸ் தெறந்திருக்குதுன்னு எங்களுக்கும் தெரியும்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் உறைத்தது. பள்ளிபாளையம் ரோட்டில் ஒரு வீட்டுமனை மாமனார் பேரிலேயே இருந்தது, இன்னும் பிரிக்கவில்லை. அதை எழுதி வாங்கத்தான் ஒரு நாள் கூடுதலாகக் கேட்கிறேனாம்! அடப்பாவிகளா, நான் கேட்டது ஒரு மத்தியானம்.

சனிக்கிழமை காலையில் ஏதோ லோடு ஏற்ற வேண்டியிருந்ததால் அண்ணன் மத்தியானம்தான் வருவதாகச் சொன்னார். சரி, கடவுளாகப் பார்த்துக் கொஞ்ச நேரம் கொடுத்திருக்கிறார் என்று நினைத்தேன். மாமனார் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, பையை மடித்துக் கட்டில் ஓரத்தில் தயாராக வைத்துவிட்டு இரண்டு மணிக்கே டிவி முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார். ஆட்டம் ஆரம்பித்தது. கட்டையன் இரண்டு செட் இழந்து ஒரு செட் எடுத்திருந்தான். நாலாவது செட் நடந்துகொண்டிருந்தபோது வாசலில் கார் வந்து நின்றது.

அண்ணனும் ஓரகத்தியும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். ஓரகத்தியின் கண் முதலில் போனது டிவிக்கு இல்லை, மேஜைமேல் ஏதாவது பத்திரம், பேனா கிடக்கிறதா என்று பார்க்கத்தான் போனது.

"சித்த இருடா, இந்த ஆட்டம் முடிஞ்சிரட்டும்" என்றார் மாமனார்.

"அங்க வந்து பாத்துக்கலாம்ப்பா, எந்திரிங்க."

அங்கே எதைப் பார்ப்பார்? டயரையா? அது அந்த ஹாலில் நின்ற எல்லாருக்கும் தெரியும். மாமனார் திரும்பி என் கணவரைப் பார்த்தார். என் கணவர் போனை நோண்டிக்கொண்டே, "அண்ணன் சொல்றபடி போயிட்டு வாங்கப்பா" என்றார். நாற்காலியை விட்டு இறங்கி வந்து பார்க்கிற மனுசன் எங்கள் வீட்டில் ஒருவர்கூட இல்லை.

கட்டையன் பந்தை விரட்டி ஓடிக்கொண்டிருந்தான். ஓரகத்தி என் கையிலிருந்த ரிமோட்டைப் பிடுங்கி டிவியை அணைத்தார். "இத நிறுத்துனாத்தான் எந்திரிப்பாரு."

என் வீடு, என் டிவி. வாயை அடக்க முடியவில்லை எனக்கு. "அக்கா, அந்த எடத்தையே நீங்க எடுத்துக்கங்க. இந்த ஆட்டத்த மட்டும் உடுங்க" என்று கத்திவிட்டேன்.

"பாத்தீங்களா, பாத்தீங்களா! எடத்தப் பத்தி அவ வாயிலயே வருது!" என்று ஓரகத்தி கையைத் தட்டினார். என் கணவரோ எழுந்து நின்று, "எடத்த எடுத்துக்கங்கன்னு சொல்ல நீ யாரு புள்ள?" என்று என்மேல் பாய்ந்தார். அண்ணன் தம்பிக்கு இடையில் ஆரம்பித்த சண்டை தெருவரைக்கும் போனது. என் இரண்டு பையன்களும் சோபாவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவில் மாமனார் தானாகவே எழுந்து, வாக்கரைப் பிடித்து, ஒவ்வொரு அடியாக வைத்துக் காருக்குப் போனார். ஏறும்போது என்னிடம் மெதுவாக, "அவன் தோத்துருவான்னு நெனைக்காத சாமி. என்னாச்சுன்னு போன்ல சொல்லு" என்றார்.

கார் தெருமுனை திரும்பியதும் டிவியைப் போட்டேன். கட்டையன் ஜெயித்தான். ஐந்தாவது செட்டில், தரையில் விழுந்து புரண்டு, சட்டையெல்லாம் செம்மண்ணாக எழுந்து நின்றான். நான் அழுதுகொண்டே போன் போட்டேன். தூங்குகிறார் என்றார்கள். மறுநாள் போட்டால் சாப்பிடுகிறார் என்றார்கள். அப்புறம் போனையே எடுக்கவில்லை. நேரில் போகலாம் என்றால் என் கணவர், "அந்த ஊட்டு வாசப்படிய மிதிச்சா இங்க வராத" என்று நின்றார். கடைசியில் அண்ணனின் வாட்ஸ்அப்புக்கு, "கட்டையன் ஜெயிச்சுட்டான்னு மாமாகிட்டச் சொல்லிருங்க" என்று ஒரு செய்தி அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

பதில் என் கணவருக்கு வந்தது. "யாருடா அந்தக் கட்டையன்? எடத்துக்குப் பாத்த புரோக்கரா?" என்று அண்ணன் போனில் கேட்டாராம். சிரிப்பதா அழுவதா சொல்லுங்கள். நான் தலைதலையாக அடித்துக்கொண்டு விளக்கம் சொல்லி அனுப்பினேன், யார் நம்பினார்கள்?

ஜூலை ஒண்ணாந்தேதி மாமனார் வந்தார். வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்திருந்தார். வாசலிலேயே கையைப் பிடித்து, "மாமா, கட்டையன் அன்னிக்கி ஜெயிச்சுட்டானுங்க!" என்றேன். அந்த முகத்தில் ஒரு சந்தோஷத்தைப் பார்ப்பதற்கு ஒரு மாதமாகக் காத்திருந்தவள் நான்.

அவர் கையை உதறிக்கொண்டு, காரை நிறுத்திக்கொண்டிருந்த அண்ணன் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு சத்தமாகச் சொன்னார். "எனக்கு ஒரு கட்டையனையும் தெரியாது சாமி. நான் எதுலயும் கையெழுத்துப் போடல."

அந்த டயர் அறையில் அவரை உட்கார வைத்து எத்தனை தடவை கேட்டிருந்தால் இந்தப் பதில் இப்படி மனப்பாடமாகி இருக்கும்! என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நினைத்து அப்படிச் சொன்னாரா, பயத்தில் சொன்னாரா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கார் போன பிறகும் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான் டிவியைப் போட்டால், "வேண்டாம் சாமி, நிறுத்திப்போடு" என்பார்.

ஜனவரியில் இறந்துபோனார். எங்கள் மாதம். "உங்க மாசத்துலதானே போனாரு" என்று சொல்லி அண்ணன் காரியச் செலவில் ஒரு பைசா பங்கு போடவில்லை. ஓரகத்தி மட்டும் மாரில் அடித்துக்கொண்டு அழுதார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

போன வருடம் மே கடைசியில் பழக்கதோஷத்தில் நான் மட்டும் டிவி முன்னால் உட்கார்ந்தேன். கட்டையன் முதல் சுற்றிலேயே மூன்று செட்டும் தோற்றான். வெளியே போகும்போது கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்தான். எனக்குப் பொங்கிக்கொண்டு வந்துவிட்டது. பெங்களூரில் வேலை பார்க்கிற பெரியவனும், கல்லூரியில் படிக்கிற சின்னவனும் அப்போது வீட்டில்தான் இருந்தார்கள். சின்னவன் வந்து என் தோளைக் கட்டிக்கொண்டான்.

"அழாதம்மா. தாத்தாவுக்கு ஆனாப்பல உனக்கு ஆகாது. நீ டென்னிஸ் பாக்கறவ, அதனால மே, ஜூன் ரெண்டு மாசத்தையும் சேத்தி ஒரே ஊட்ல வெச்சுக்கறோம். எடையில மாத்தமாட்டோம்" என்றான். பெரியவன் ஆமாம் என்று தலையாட்டினான்.

கிண்டல் இல்லை. அத்தனையும் பாசம். இதைப்பற்றி அவர்கள் எனக்குத் தெரியாமல் முன்பே பேசி வைத்திருக்கிறார்கள் என்பது அந்தத் தலையாட்டலிலேயே தெரிந்தது. என் மாமனாருக்குக் கிடைக்காத மூன்றாவது சுற்றை என் பிள்ளைகள் எனக்கு இப்போதே ஒதுக்கி வைத்துவிட்டார்கள். அதற்கு அவர்களை அணைத்துக்கொள்வதா, வயிற்றில் அடித்துக்கொள்வதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.