நிலாவில் நிற்காத வண்டி

அறுபதுகளில் சிதம்பரத்தில் நாங்கள் நடத்திய கையெழுத்துப் பத்திரிகையில் நான் நிலாவைப் பற்றி ஒரு தொடர்கதை எழுதினேன். அங்கே எதற்கும் ஆறில் ஒரு பங்கு எடைதான் என்று படித்திருந்த திமிரில், பாறை ஏற்றி ஓடிவந்த வண்டியை என் கதாநாயகன் ஒற்றைக் கையால் நிறுத்திவிட்டான்.

பரங்கிப்பேட்டையில் படகு ஓட்டும் நண்பன் யூசுப்பிடம் அதைப் பெருமையாகப் படித்துக் காட்டினேன்.

"லேசா இருந்தா நின்னுடுமா மச்சான்?" என்றவன், நெல் மூட்டை ஏற்றிய படகைக் காட்டினான். "தண்ணியில இதுக்குக் கனமே தெரியாது. தள்ளிப் பாரு."

தள்ளினேன். மெல்ல நகர்ந்தது. எனக்கு ஒரே சிரிப்பு.

"இப்ப கயித்தைப் புடிச்சு நிறுத்து."

பிடித்தேன். படகு நிற்கவில்லை, என்னையும் இழுத்துக்கொண்டு போனது. வெள்ளாற்றில் தலைகுப்புற விழுந்தேன். மறுநாள் பத்திரிகைக்குக் கொடுக்கவேண்டிய அந்த அத்தியாயம் சட்டைப்பையிலேயே கரைந்துபோனது. என்னைக் கரையேற்றிய யூசுப் சிரித்த சிரிப்பில் நானும் சேர்ந்துகொண்டேன்.

அன்றே புதிதாக எழுதினேன். இம்முறை வண்டி நிற்கவில்லை, கதாநாயகன்தான் மல்லாந்து விழுந்தான்.

பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் வாசகர்கள் கருத்து எழுதுவது வழக்கம். அந்த மாதம் ஒருவர், "எழுத்தாளர் நிலாவுக்கே போய்வந்தாரா?" என்று கேட்டிருந்தார்.

இல்லை ஐயா. பரங்கிப்பேட்டை வரைக்கும்தான் போனேன்.