கரி படியாத சட்டைக்கை

சந்தேகம் என்றால் அந்த இஸ்திரிக்காரிக்குச் சோறு மாதிரி. வேளை தவறாது. காய்கறிக்காரர் தராசைத் தூக்கினால் இவள் கண் அவர் விரலில் இருக்கும். மழை பெய்தால்கூட, இதில் என்ன உள்குத்தோ என்று வானத்தைப் பார்ப்பாள். அப்படிப்பட்டவள் மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிட்டுச் சும்மா இருப்பாளா?

பள்ளிக்கூடத்துச் சட்டைகளெல்லாம் அவள் மேசைக்குத்தான் வரும். முழுக்கை வைத்த வெள்ளைச் சட்டைகள். சின்ன வகுப்புப் பிள்ளைகளின் சட்டையில் எழுதும் கையின் ஓரம் பென்சில் கரி அப்பியிருக்கும். எத்தனை துவைத்தாலும் முழுசாகப் போகாது. தாளில் உரசுகிற இடம் அல்லவா? மகள் சட்டையைப் புரட்டினாள். கைமுனை பளிச்சென்று இருந்தது. வாரம் முழுக்கப் பார்த்தாள். அப்படியேதான்.

தான்தான் கைநாட்டு, மகளுக்கும் அதே கதிதானா? தேறாது என்று மூலையில் உட்கார வைத்துவிட்டார்களா?

“பள்ளிக்கூடத்துல எழுதுறியாடி?”

“எழுதுறேம்மா.”

“எழுதுற கை இப்படியா இருக்கும்? யார் காதுல பூ சுத்துற?”

மறுநாள் இஸ்திரிப் பெட்டியை ஆறவிட்டு, பள்ளி விடும் நேரத்தில் வகுப்புக்கே போய் நின்றாள்.

“டீச்சரம்மா, எல்லாப் பிள்ளையும் நோட்டுல எழுதுது. எம்பொண்ணுக்கு மட்டும் என்ன?”

“அவளுக்கு போர்டும்மா” என்றாள் ஆசிரியை. “விரல்ல இன்னும் பிடி வரல. நோட்டைக் கண்டாலே அழுதா. நின்னுக்கிட்டுப் பெருசா எழுதட்டும்னு விட்டேன். ஒருத்தன் படம் போட்டாத்தான் எழுதுவான். இன்னொருத்தி முதல்ல வாயால சொல்லிப் பார்ப்பா. ஆளுக்கு ஒரு வழி.”

“நல்லாத்தான் சமாளிக்கிறீங்க.”

ஆசிரியை கரும்பலகையைக் காட்டினாள். அடியில், குழந்தைக்கு எட்டும் உயரத்தில், கோணல்மாணலாக இரண்டு வரி. மகள் விரல் வைத்து வாசித்தாள்: “அம்மா தண்ணி தெளிப்பா. சட்டை புஸ்ஸுனு கோவப்படும்.”

சிரிப்பு வரப்பார்த்தது; அடக்கிக்கொண்டாள். படிக்கத் தெரியாதவளிடம் எதை வேண்டுமானாலும் வாசிக்கலாமே! சன்னல் சாத்த அப்போதுதான் வந்த காவல்காரரைக் கைதட்டிக் கூப்பிட்டாள்.

“அண்ணே, இதுல என்ன எழுதியிருக்கு? டீச்சரம்மா, நீங்க ரெண்டு பேரும் வாயைத் திறக்கக் கூடாது.”

அவர் கண்ணைச் சுருக்கி எழுத்தெழுத்தாகக் கூட்டினார். “அம்மா... தண்ணி... தெளிப்பா. சட்டை... புஸ்ஸுனு...” நிறுத்திச் சிரித்தார். “கோவப்படும்! யாரு, உன்னை மாதிரியா?”

அவள் மகளின் சட்டைக்கையை இழுத்துத் தட்டினாள். வெள்ளைத் துணியிலிருந்து வெள்ளைத் தூள் பறந்தது. துவைத்தால் தடமே இல்லாமல் போகிற தூள்.

“நோட்டுல எப்போ எழுதுவா?” என்றாள், கொஞ்சமும் இறங்காமல்.

“பிடி வந்ததும்.”

“வந்து பார்ப்பேன்.”

“வாங்கம்மா.”

வாசல்வரை போனவள் மறுபடி தலையை நீட்டினாள்.

“போர்டை அழிச்சிடாதீங்க. இவ அப்பாவைக் கூட்டிட்டு வரேன். நான் சொன்னா நம்பமாட்டாரு. சரியான சந்தேகப் பிராணி!”